எதுவும் கேட்காத மீன்

கடல் மீன் தொட்டி வாங்க வந்தவருக்கு அவசரம். நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வரும்போது கூடத்தில் மீன் நீந்த வேண்டும். கடைக்காரரோ சாமான்களை அடுக்கிக்கொண்டே போனார்.

“ஃபில்டர், ஹீட்டர், உப்பு, அழுக்கை நுரையாப் பிரிக்கிற ஸ்கிம்மர்... இதெல்லாம் இல்லேன்னா மீன் செத்துடும் சார்.”

“யார் காதுல பூ சுத்துறே? வாசல்ல இருக்கிற உன் தொட்டியில இதுல ஒண்ணாவது இருக்கா? வருஷக்கணக்கா பார்க்கிறேன், ஒரு மீன்கூடச் செத்ததில்லை!”

“சார், அது வந்து...”

“வாயைத் திறக்காதே. நானும் வியாபாரிதான்யா! அந்த நாலு மீனையும் தொட்டியோட குடு. கேட்ட விலை தர்றேன்.”

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நாலு மீனையும் அள்ளி, துண்டால் துடைத்து, காகிதத்தில் சுற்றி நீட்டினார்.

“நீங்க சொன்னது சரிதான் சார், இதுக்கு எதுவுமே வேண்டாம். பேட்டரி மட்டும் அப்பப்ப மாத்துங்க.”