முயலுக்குத் தீனி

"வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடக்கூடாது, புரியுதா?"

நாலு மாசத்துக்கு முன்னாடியே டீம் லீடர் அவகிட்ட கண்டிச்சுச் சொல்லியிருந்தார். அதுக்காகத்தான் ப்ராஜெக்டுக்கு 'முயல்'னு பேரே வெச்சாங்க. லிஃப்ட்ல, கேன்டீன்ல யார் காதுல விழுந்தாலும் ஒண்ணும் புரியாது பாருங்க.

விஷயம் இதுதான். வாடிக்கையாளர் போன் பண்ணினா இனிமே மனுஷங்க எடுக்க வேண்டாம், முயல்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராமே பேசிடும். திங்கட்கிழமை முயல் வேலைக்கு வந்ததும் மூணாவது மாடி போன் செக்ஷனுக்குப் பூட்டு.

அந்த மூணாவது மாடியில பன்னிரண்டு வருஷமா போன் எடுக்கிறவர் அவ புருஷன்.

கட்டினவர் வேலைக்கே உலை வெச்சுட்டு, தினமும் அவர் ஸ்கூட்டர் பின்னாடியே உட்கார்ந்து ஆபீஸ் போய் வந்தா. அவளை நினைச்சா அவளுக்கே பத்திக்கிட்டு வந்துச்சு.

நடுவுல முயலே சாகக் கிடந்துச்சு. வாடிக்கையாளர் கோபப்பட்டா மரக்கட்டையாட்டம் பதில் சொல்லிச்சு. "இப்படியே போனா நம்ம டீமையே கலைச்சிடுவாங்க"ன்னு லீடர் கையைப் பிசைஞ்சார். அப்புறம் யாரோ ஒரு அனுபவசாலி நானூறு பதில் எழுதிக் கொடுத்தாராம். அவருக்கும் ரகசியப் பேர்தான், கேரட். முயல் பிழைச்சுக்கிச்சு.

வெள்ளிக்கிழமை கடைசி சோதனை. அவ ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கோபக்கார வாடிக்கையாளராட்டம் முயலைக் கண்டபடி திட்டினா. முயல் பதில் சொல்லிச்சு.

"உங்க கோபம் நியாயம்தாங்க. முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. நான் எங்கயும் போகலை, இங்கயேதான் இருக்கேன்."

எல்லாரும் கை தட்டினாங்க. அவ மட்டும் தட்டலை. இன்னும் ரெண்டே நாள்!

சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்தவ செருப்பைக்கூடக் கழட்டலை.

"என்னங்க, முயல்னு ஒரு ப்ராஜெக்ட்..." அதுக்கு மேல அடக்க முடியலை, ஓன்னு அழுதுட்டா. "திங்கட்கிழமை உங்க வேலை போயிடும்ங்க. அதைச் செஞ்ச பாவி நான்தான்!"

அவர் பதறலை. சமையலறைக்குப் போய் டம்ளரோட வந்தார்.

"முதல்ல ஒரு வாய் தண்ணி குடி. நான் எங்கயும் போகலை, இங்கயேதான் இருக்கேன்."

அவ அழுகை சட்டுனு நின்னுச்சு.

"கேரட்... நீங்களா? உங்க செக்ஷனை மூடத்தான்னு தெரிஞ்சுமா எழுதிக் கொடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான். முயல் செத்தா உன் வேலை போயிடும்னாங்களே! உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கையெழுத்து வேற வாங்கிட்டாங்க."