மகள் பெயரில் வரவு

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தையல்காரியின் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்துவிட்டு கட் பண்ணினாள்.

பக்கத்து நாற்காலியில் பேக்கரிக்காரம்மா. அடுத்தவர் போனைப் பார்ப்பதில் அவருக்குக் கழுகுக் கண்.

"அப்பான்னு வருது, எடுக்கலையா?"

"பேசி இருபத்திரண்டு வருஷமாச்சு."

"பெத்தவர்கிட்டயா? உனக்கென்ன கல்லு மனசா?"

தையல்காரி போனைக் கவிழ்த்து வைத்தாள். கடைக்குக் கடன் வேண்டுமானால் இந்தக் கணக்கு வகுப்பை முடிக்க வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வாரம் உட்கார்ந்தால் போதும். பிறகு பழையபடி தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். தனியாக இருப்பது பழகிப்போயிருந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

வாத்தியாரம்மா போர்டில் 'பற்று, வரவு' என்று எழுதினார்.

"பற்றுன்னா என்ன? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

"பாசம்" என்றாள் தையல்காரி.

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பதினேழு வயதில் வேலைக்குப் போய், மூன்று வருஷம் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுத்தவள் அவள். தம்பி வாங்கித் தின்றே தீர்த்தவன். ஒருநாள் அப்பாவின் இரும்புக்கடைக் கணக்கு நோட்டைப் புரட்டினாள். தம்பி பெயருக்குக் கீழே பக்கம் முழுக்கப் பற்று, பற்று, பற்று. அவள் பெயருக்குக் கீழே வெறும் வரவு.

மகன்மேல் பற்று, மகளால் வரவு. அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எப்போதாவது தம்பி கூப்பிட்டு, "அப்பா உன்கிட்ட கணக்குத் தீர்க்கணுமாம்" என்பான். வாங்கினது பத்தலையாக்கும் என்று போனை வைத்துவிடுவாள்.

வாத்தியாரம்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"கணக்குல பாசத்துக்கு இடமில்லம்மா. ஒருத்தர் நம்மகிட்ட வாங்கினா, அவர் பேர்ல பற்று. குடுத்தா, அவர் பேர்ல வரவு."

"ஒரு அப்பா, பையன் பேர்ல பற்றும் பொண்ணு பேர்ல வரவும் எழுதியிருந்தா?"

"பையன் வாங்கியிருக்கான், அவன் அப்பாவுக்குத் தரணும். பொண்ணு குடுத்திருக்கா, அதை அப்பா அவளுக்குத் தரணும். அவர் அந்தப் பொண்ணுக்குக் கடன்காரர்."

தையல்காரி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். கட் பண்ணின அதே எண்ணை அழுத்தினாள்.

அப்பா முதல் மணியிலேயே எடுத்தார். குரல் ரொம்பத் தேய்ந்திருந்தது.

"அம்மாடி, நீயா? வச்சிடாதே, இதை மட்டும் கேட்டுக்கோ. உன் சம்பளத்தை எல்லாம் வாங்கி வீட்டுக்குச் செலவு பண்ணிட்டேன்னு கோபத்துலதானே போனே? எழுதி வச்சபடி மொத்தமும் சேர்த்துட்டேன்மா. ஒத்தை ஆளு, எனக்கு என்ன செலவு? வட்டியோட இருக்கு. வந்து வாங்கிட்டு, ஒரு வார்த்தை பேசிட்டுப் போ."

இத்தனை வருஷமும் அவர் வேறொரு தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"கோபமில்லப்பா" என்றாள். "எனக்குத்தான் கணக்குத் தெரியலை."