டாங்கின் மேல் ஒரு சிறு இருக்கை

வாப்பாவின் வண்டி வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தாள் இஷ்ரத். விபத்தில் அவள் வாப்பாவும் போனார்; வண்டியும் நொறுங்கிவிட்டது.

அதைக் கேள்விப்பட்ட சங்கர், ஏரலில் அவர்கள் வீடு தேடி ஒரு சின்ன மோட்டார் சைக்கிளோடு வந்தான். கடையில் வாங்கிய பொம்மை வண்டிதான். பெட்ரோல் டாங்கைத் தேய்த்துப் பச்சை பூசி, அதன் மேல், வாப்பாவின் வண்டியில் குழந்தைக்கு இருந்தது போலவே, சிவப்பு ரெக்சினில் ஒரு குட்டி இருக்கையும் பொருத்தியிருந்தான்.

“வாப்பா வண்டி!” வாங்கிக்கொண்டு குழந்தை உள்ளே ஓடினாள். “உம்மா, சோறு தா!”

தாத்தா அகமது மீரானுக்குக் கண் நிறைந்தது.

“அச்சு அசலா இருக்கே தம்பி! எத்தனையோ கூட்டாளிமாரு வந்தாவ, ஒருத்தருக்கும் இது தோணலியே. அல்லாஹ் உங்கள நல்லா வைக்கட்டும். எம் மவனோட ரொம்பப் பழக்கமோ?”

“இல்லய்யா. ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.”

“எங்கன வச்சி?”

சங்கர் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

“லாரிக்கு அடியில, ஐயா. ஓட்டுனது நான்தான்.” உடைந்து அழுதான்.

பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அவர் கை அவன் தோளில் இறங்கியது.

“பைய அழுங்க தம்பி,” என்றார். “பிள்ள சாப்பிடுது.”