சரிந்த நட்சத்திரம்

“இந்தச் சோவியத் குண்டுவிமானம் போர்க்காலத்திலை மொத்தமே தொண்ணூற்றிமூண்டுதான் செய்தவங்கள், அண்ணை. ஒட்டிச் செய்யிற மொடல் கிட்டும் லேசிலை கிடையாது” என்றான் லண்டன் அப்டன் பார்க் பொம்மைக் கடைக்காரன் பிரியந்தன்.

“எப்பிடியாவது எடுத்துத் தா தம்பி. வீட்டிலை இருந்தது உடைஞ்சுபோச்சு. மனுசி ஊராலை வாறதுக்குள்ளை வேணும்.”

“எதிரி சுட்டு மட்டுமில்லை, எஞ்சின் நிண்டும் கனக்க விழுந்தது. உங்கடையது எப்பிடி விழுந்தது?”

“தூசி தட்டேக்கை. என்ரை கையாலை.”

சிவநேசன் கையை விரித்துக் காட்டினார். மறைந்த மகன் லதீசன் கடைசியாகச் செய்த விமானம் அது. சாமியறையில், அவன் படத்தின் முன் இருந்தது. மனைவி ஜெயகௌரி அறிந்தால் தாங்கமாட்டாள்.

கிட் கிடைத்தது. குட்மேய்ஸ் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டிப் பெயின்ட் பூசினார். வாலில் மகன் சற்றுச் சரிவாக ஒட்டியிருந்த சிவப்பு நட்சத்திரத்தையும், கண்ணைத் துடைத்துத் துடைத்து, அதே சரிவோடு ஒட்டினார்.

ஊரிலிருந்து திரும்பிய ஜெயகௌரி விளக்கேற்றப் போனாள். விமானத்தை எடுத்து முகர்ந்தாள்.

“பெயின்ட் மணக்குது. நீங்களும் உடைச்சுப்போட்டியளோ?”

அவர் வாலிலிருந்த நட்சத்திரத்தைப் பார்த்தார்.

“பிள்ளை நட்சத்திரத்தை நேராத்தான் ஒட்டினவன். போன வருசம் நான் புதுசு வாங்கி ஒட்டேக்கைதான், கை நடுங்கிச் சரிஞ்சது.”