பயனாளர் ஹெல்மி

மினசோட்டாவின் ஜனவரிப் பனியிலும் ஹெல்மி லாம்பியின் தோட்டத்தில் பசலைக்கீரை பச்சையாக நின்றது. வீடுகளைச் சூடாக்க எங்கள் நகராட்சி அனுப்பும் நீராவி, மண்ணுக்கடியில் குழாயிலிருந்து கசிந்துகொண்டிருந்தது.

"யாருக்கு நம்ம சூடு போய்ச் சேருதோ, அவங்க பயனாளர். மாசாமாசம் கட்டணம் கட்டணும். சட்டத்துல அப்படித்தான் இருக்கு," என்றேன். நகராட்சி வேலையில் நான் புதிது; சட்டம் மாலை வகுப்பில் படித்ததுதான் என்றாலும், அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன்.

"என் வீட்ல விறகடுப்பு இருக்கு தம்பி. உங்க சூட்டை நான் கேட்டேனா?"

"கேக்காட்டியும் கீரை வளருதேம்மா."

"நான் பயனாளர் இல்லேன்னு சொன்னா?"

"கோர்ட்டுக்குத்தான் போகணும்."

பெருமூச்சு விட்டபடி பயனாளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். என் முதல் வெற்றி.

மறுநாள் மேலாளர் ஆர்னே கூப்பிட்டார். "கசிவை அடைக்கத் தோண்டப் போன ஆளுங்களை அந்தம்மா திருப்பி அனுப்பிட்டாங்க."

"எப்படி சார்?"

"குளிர்காலத்துல பயனாளருக்கு ஏப்ரல் முடியுற வரைக்கும் சூட்டை நிறுத்தக்கூடாதாம். அதுவும் நம்ம சட்டந்தான். தோண்டப் போறோம்னு போன வாரமே அவங்ககிட்ட சொல்லியிருந்தோமே, உனக்குத் தெரியாதா?"

நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த விதியும் இருந்தது.

"உன்னை ரொம்பப் பாராட்டினாங்க. சட்டத்தை அவ்வளவு பொறுமையா விளக்கினியாம்."