கடல் பாடம்

“இன்னிக்கும் நோட்டைப் பாத்துப் படிச்சீங்கன்னா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது மமதா” என்றார் ரெமிஜியஸ்.

நாலாம் வகுப்பு வாசலில் நின்றபடி மமதா தலையாட்டினாள். காக்ஸ் டவுனில் இருந்த அந்தப் பள்ளி, பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு ஓராண்டு வகுப்பறையிலேயே வைத்து ஆசிரியர் பயிற்சி கொடுத்தது. ரெமிஜியஸ்தான் அவளுடைய வழிகாட்டி ஆசிரியர். அவர் முன்னால் நடத்திக்காட்ட வேண்டிய மூன்று பாடங்களில் இரண்டு சரியாக அமையவில்லை. ‘குரல் எழும்பவில்லை. எல்லாம் மனப்பாடம்’ என்று எழுதியிருந்தார். இன்றைக்கு மூன்றாவது. இதிலும் தவறினால் சான்றிதழ் கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டியில் அவள் உதறிவிட்டு வந்த வேலையும் இனித் திரும்பக் கிடைக்காது.

“இன்னிக்கு என்ன பாடம்?”

“கடல் ஸார்.”

“பாடமா நடத்தாதீங்க. பசங்கள அங்க கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மமதா நோட்டை மூடி மேஜைமேல் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூக்கள் அவசரமே இல்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க. கண்ணை மூடிக்கங்க.”

குசுகுசுவென்று சிரிப்பு. பிள்ளைகளின் வெறுங்கால்கள் சிவப்புத் தரையில் பட்டதும் அறை அடங்கிப்போனது.

“இப்ப மணல்ல நிக்கறோம். மேல சுடுது. காலைக் கொஞ்சம் புதைச்சா உள்ள ஜில்லுனு இருக்கும். இருக்கா?”

“இருக்கு மிஸ்!”

“காத்து அடிக்குது. உதட்டை நாக்கால தொட்டுப் பாருங்க.”

“ஐய, உப்பு!” என்றான் கிளிஃபர்ட்.

“மிஸ், ஹலசூரு ஏரி மாதிரி பெரிசா?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஏரிக்கு அந்தப் பக்கம் கட்டடம் தெரியும்ல? இதுக்கு அந்தப் பக்கமே கிடையாது. வானம் கீழ எறங்கி வந்து உக்காந்திருக்கும்.”

அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் போனது.

“அலை வருது. பயப்படாதீங்க, கணுக்கால் வரைக்கும்தான். வந்துடுச்சு... இப்ப திரும்பிப் போகுது. காலுக்கடியில மண்ணு நழுவுதா? நாமதான் பின்னால போற மாதிரி இருக்கா?”

இரண்டு பிள்ளைகள் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஆமா மிஸ்! சென்னைல எனக்கு இப்படியேதான் இருந்துச்சு” என்றாள் ஸ்னேஹா, கண்ணைத் திறக்காமலே.

“அலை எப்ப மிஸ் நிக்கும்?”

“நிக்காது. நாம தூங்குறப்பவும் மூச்சு வருதுல்ல, அந்த மாதிரி.”

“ஏய், சும்னிரு! அடுத்தது வருது!” என்று யாரோ பக்கத்துப் பையனைக் கன்னடத்தில் அடக்கினார்கள்.

மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. முப்பது பிள்ளைகளும் வெறுங்காலோடு வேறெங்கோ நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசி பெஞ்சைப் பார்த்த மமதாவுக்குத் திக்கென்றது. ரெமிஜியஸின் கண்கள் மூடியிருந்தன. தூங்கிவிட்டாரா? அப்புறம்தான் பெஞ்சுக்கு அடியில் கவனித்தாள். அவரும் ஷூவைக் கழற்றியிருந்தார்.

பிள்ளைகள் வெளியே போன பிறகு அவர் பேனாவை எடுத்தார். மதிப்பீட்டுத் தாளில் எழுதி அவளிடம் நீட்டினார். மமதா படித்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை படித்தாள்.

“ஜூன்ல இருந்து நாலாம் வகுப்பு உங்களுது” என்றார். “நான் தூத்துக்குடியில பொறந்தவன். அந்த மண்ணு நழுவுறது இருக்கே... அதைச் சொல்லத் தெரியாம எத்தனையோ வருஷம் சார்ட்டைத் தொங்க விட்டுக்கிட்டு நடத்தியிருக்கேன். நீங்க எந்தக் கடற்கரை மமதா? சின்ன வயசுல இருந்தே அங்கதானா?”

“இங்கயே, மர்ஃபி டவுன் ஸார்” என்றாள் மமதா, தயங்கியபடி. “கடலை நான் பாத்ததே இல்ல. பத்து நாளா மார்க்கெட்ல மீன்கார அம்மா, பஸ்ல வர்ற கேரளா நர்ஸுன்னு கடலைப் பாத்தவங்க ஒவ்வொருத்தரையா தேடிப் பிடிச்சுக் கேட்டேன். உங்களைக் கேக்கத்தான் பயமா இருந்துச்சு. இப்பக் கேக்கலாமா ஸார்... கடல் எப்படி இருக்கும்?”