மாறாத கோப்பு

மருந்துப் பம்பின் நிரலில் பிழை தேடும் கருவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாறாத கோப்பை அது மறுபடி படிக்காது. முன்பு சொன்ன முடிவையே, பழைய முடிவுகளைச் சேமித்து வைக்கும் கேஷிலிருந்து எடுத்துக் காட்டும். கருவிக்குப் புதிய விதிகள் வந்தபோதுகூட, கேஷை அழித்தால் எல்லாக் கோப்பையும் மறுபடி படிக்க அரைநாள் ஆகும், வேலை கெடும் என்று குழுத் தலைவர் இளங்குமரன் தடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பம்ப் மொத்த மருந்தையும் ஒரேயடியாக ஏற்றி ஒரு குழந்தை இறந்துபோனது. குழுவிலிருந்த பர்வீன் கேஷை அழித்துவிட்டுக் கருவியை ஓட்டினாள். மருந்தின் வேகத்தைக் கணக்கிடும் கோப்பில் ஒரு வரி பிழையென்று சிவந்தது.

"புது விதி அப்பவே பிடிச்சிருக்கும் சார். நாமதான் படிக்க விடல."

இளங்குமரன் கதவைச் சாத்தினார். "பழைய கேஷ் காப்பி இருக்கா?"

"இருக்கு."

"திருப்பிப் போடும்மா. அந்தப் புள்ளையோட அப்பா வெளிய உக்காந்திருக்காரு. அவர் கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டிடலாம்."

அவள் போட்டாள்.

உள்ளே வந்தவரின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட காகிதப் பட்டை அப்படியே இருந்தது. இளங்குமரன் தலையசைக்க, பர்வீன் பொத்தானை அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் திரை முழுக்கப் பச்சை.

"பாருங்க, எல்லாக் கோப்பையும் படிச்சுப் பார்த்தாச்சு. எங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல."

அவர் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பர்வீன் பக்கம் திரும்பினார்.

"அவ்வளவையும் அதுக்குள்ள படிச்சிருச்சாம்மா?"